ஏழாவது பிள்ளையின் ஜனாதிபதி

மக்களின் மனத்தை அளப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லி உங்கள் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் நிர்வாகம் என்னை அழைத்திருந்தது. பேசினேன். நீங்களும் கொட்டாவியை மரியாதையாக அடக்கிக்கொண்டு கேட்டீர்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சார், உங்களை ரொம்பப் படுத்தின எலெக்‌ஷன் எது சார்?" என்று கேட்டாள். டீ வந்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். டீ வந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கதையை ஆரம்பித்தால் என்னால் பாதியில் நிறுத்த முடியாது. அதனால்தான் இப்போது எழுதித் தருகிறேன்.

என்னை மிகவும் படுத்திய தேர்தல், மக்கள் ஒருவருக்கும் ஓட்டே இல்லாத தேர்தல்.

அறுபதுகளின் கடைசியில் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஜனாதிபதி தேர்தல் அது. அங்கேயும் நம்மூர் மாதிரிதான். நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளும் ஒரு மண்டபத்தில் கூடி, ஜனாதிபதியை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். மக்கள் மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இருந்தாலும் ஒரு வாரப் பத்திரிகைக்கு, மக்கள் எப்படிப்பட்ட ஜனாதிபதியை விரும்புகிறார்கள் என்று கேட்டு அட்டைப்படக் கட்டுரை போடும் ஆசை வந்துவிட்டது. விருந்துக்கே கூப்பிடாத ஆளிடம் போய், சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற வேலை. அதை மியூனிக்கில் நான் இருந்த கணிப்பு நிறுவனம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

நான் அந்த நிறுவனத்துக்குப் போனது தற்செயல். மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் இயற்பியல் படிக்கப் போனவன் நான். அங்கே முட்டை வடிவத்தில் ஓர் அணு உலை உண்டு. ஊரே அதை அணு முட்டை என்றுதான் சொல்லும். அந்த முட்டையிலிருந்து எனக்கு மட்டும் ஒன்றும் பொரியவில்லை. உதவித்தொகை நின்றதும், கணக்குத் தெரியும் என்று சொல்லி இந்த நிறுவனத்தின் பஞ்ச் கார்டு அறையில் ஒட்டிக்கொண்டேன். வேலை இருக்கும்வரைதான் நாட்டில் தங்கும் அனுமதியும் இருக்கும். அதனால் மேலிடம் சொல்வதற்கெல்லாம் பலமாகத் தலையாட்டப் பழகியிருந்தேன்.

அறையில் எனக்கு முன்பே தர்மலிங்கம் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கார்டு இயந்திரங்கள் அவர் கைக்கு மட்டும்தான் ஒழுங்காக ஓடும். ஒவ்வொருவரின் பதிலும் ஓர் அட்டையில் துளைகளாக விழும். இயந்திரம் அந்த அட்டைகளைப் பிரித்து எண்ணிக் கொடுக்கும். உங்கள் லேப்டாப் இருமி முடிப்பதற்குள் செய்துவிடும் காரியத்துக்கு எங்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஒரு பகுதியிலிருந்து பதில்கள் குறைவாக வந்திருந்தால், வந்த அட்டைகளையே இயந்திரத்தில் விட்டுப் பிரதி எடுத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவோம். எடை கொடுப்பது என்று நீங்கள் இன்று சுத்தமாகச் சொல்கிறீர்களே, அதுதான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வருடம் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. மியூனிக்கைச் சுற்றியுள்ள பவேரியா மாநிலத்தின் சிறிய கத்தோலிக்கக் கிராமங்களுக்குப் போக வேண்டிய எங்கள் ஆட்கள், காய்ச்சல் என்றும் பஸ் வரவில்லை என்றும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். போனவர் ஒருவர்தான். திருமதி லிண்ட்னர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போரில் கணவரை இழந்தவர். ஐம்பதை ஒட்டிய வயது. சாம்பல் நிறக் கோட்டு, கறுப்புத் தோல்பை, சிரிப்புக்கு இடமே கொடுக்காத முகம். நிறுவனத்தின் கையேட்டை அவர் வேதம்போல வைத்திருந்தார். பேட்டிக்குப் போன வீட்டில் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, அச்சிட்ட கேள்வியைத் தவிர ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது, கேட்காத விஷயத்தை எழுதக் கூடாது என்று அதில் இருந்தது. மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். திருமதி லிண்ட்னர் பனியில் முழங்கால்வரை புதைந்து நடந்து போய், அடுப்புப் பக்கத்தில் உட்காரச் சொன்னாலும் கதவருகே நின்றபடியே கேள்விகளைப் படித்துவிட்டு வந்தவர்.

கேள்வி இதுதான். சில சீட்டுகளைக் கையில் கொடுப்போம். அனுபவம் உள்ளவர், கட்சி சாராதவர், வெளிநாடுகளில் மதிப்பு உள்ளவர், என் மதப் பிரிவைச் சேர்ந்தவர் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குணம். ஜனாதிபதிக்கு எது முக்கியமோ அந்த வரிசையில் அடுக்கச் சொல்வோம்.

அட்டைகள் ஓடி முடிந்த அன்று தர்மலிங்கம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சை வந்து பாரும். கத்தோலிக்கக் கிராமத்துச் சனம் எல்லாம் மதச் சீட்டைத்தான் முதல் வைச்சிருக்கு."

"எல்லாருமா அண்ணை?"

"ஓம். கிட்டத்தட்ட எல்லாரும். அதுவும் ஒரே ஊர். ஒரே மனிசி எடுத்தது. அந்த அட்டையளைத்தான் நாங்கள் ஒண்டை நாலாக்கிப்போட்டம். கத்தோலிக்கக் கிராமம் எண்டு கணக்கிலை நிக்கிறது முழுக்க அந்த ஒரு ஊர்தான்."

இதைக் கேட்ட எங்கள் இயக்குநர் முதலில் துள்ளிக் குதித்தார். அவரை 'ஹெர் டாக்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். வீட்டில் மனைவியும் அப்படித்தான் அழைக்கிறார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி கத்தோலிக்கர். அடுத்ததாகப் போட்டியில் இருந்த இருவருமே புராட்டஸ்டண்ட். ஆக, கத்தோலிக்கர்கள் தங்களுக்கு ஆளே இல்லாமல் தவிக்கிறார்கள், மதம்தான் அவர்களுக்கு முதல். பத்திரிகைக்கு இதைவிட என்ன வேண்டும்? அட்டைப்படத்தில் ஒரு தேவாலயக் கோபுரத்தைப் போட அவர்களும் தயாராகிவிட்டார்கள்.

பிறகு ஹெர் டாக்டர் கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஒரே மசி, ஒரே கையெழுத்து, ஒரே பதில். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திருமதி லிண்ட்னரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். இயந்திர முடிவுகளைக் கொண்டு போயிருந்த நானும் ஓர் ஓரத்தில் நின்றேன்.

"இவற்றை வீட்டில் உட்கார்ந்து எழுதினீர்களா?"

"இல்லை. கேட்டேன். சொன்னார்கள். எழுதினேன்."

"எல்லாரும் ஒரே மாதிரியா சொன்னார்கள்?"

"அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை, ஹெர் டாக்டர்."

"பொய் என்று தெரிந்தால் இங்கே மட்டும் இல்லை, வேறு எந்த நிறுவனத்திலும் உங்களுக்கு வேலை கிடைக்காது. நானே எல்லாருக்கும் சொல்லிவிடுவேன்."

"என் வீட்டு வாடகை இந்த வேலையில்தான் போகிறது" என்றார் அவர். கெஞ்சவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். பையைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அந்தக் குரல் பிடிக்காமல் போனது. அழுதிருந்தால் கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

சோதனைக்கு யாராவது அந்த ஊருக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை பத்திரிகைக்குப் பதில் சொல்ல வேண்டும். மியூனிக்கில் அது திருவிழாக் காலம். ஃபாஷிங் என்பார்கள். கணக்காளர்கள்கூட மூக்கில் சிவப்புப் பந்தை மாட்டிக்கொண்டு அலைவார்கள். சனிக்கிழமை வேலைக்கு வர யாரும் தயாராக இல்லை. ஹெர் டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் போங்கள். யார் ஜெயித்தாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. நடுநிலையாக இருப்பீர்கள்."

சோதனையின் விதி எளிது. வீட்டுக்கு ஆள் வந்தாரா, சீட்டுகளைக் காட்டினாரா, எவ்வளவு நேரம் இருந்தார் என்று மட்டும் கேட்க வேண்டும். உண்மை அல்லது பொய் என்று டிக் அடிக்க வேண்டும். பதில்களைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

ரயில் பிடித்து, பஸ் பிடித்து, அதன் பிறகு பனியில் நடந்து அந்த ஊரை அடைந்தேன். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம், தீயணைப்புப் படையின் கொட்டகை, கொஞ்சம் வீடுகள். அவ்வளவுதான் ஊர். முதல் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் திருமதி லிண்ட்னர் வந்ததை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். "காப்பி கூடக் குடிக்காம போயிட்டாளே" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆக, பொய் இல்லை. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பட்டியலில் இன்னொரு வீடு மிச்சம் இருந்தது. எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது.

கதவைத் திறந்தவள் திருமதி ஹூபர். நல்ல வாட்டசாட்டமான பெண். பின்னால் சமையலறையிலிருந்து பிள்ளைகளின் சத்தம். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசிய பவேரியப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்ததை நம் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"கம்பளம் விக்க வந்திருந்தா வேணாம்."

அடையாள அட்டையைக் காட்டினேன். ஜனாதிபதி சர்வே விஷயம் என்றேன்.

"எங்களுக்கு ஓட்டு கிடையாது. உங்களுக்கும் கிடையாது. அப்புறம் ரெண்டு பேரும் குளிர்ல நின்னு என்னத்தப் பேசுறது? உள்ள வாங்க."

போனேன். அவள் நிறைய ஜாம் வைத்துப் பொரித்த ஃபாஷிங் பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். காப்பி ஊற்றினாள். கையேடு என் கோட்டுப் பையில் கிடந்து கத்தியது. அன்புள்ள இளைஞர்களே, நான் திருச்சியில் வளர்ந்தவன். ஒரு வீட்டில் அம்மாக்காரி தட்டில் வைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பயிற்சி எனக்கு யாரும் தரவில்லை. தின்றேன். தின்றுகொண்டே, வாயில் பலகாரத்தோடு, நம்மவர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கும் கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறு. ஏழாவது இங்க இருக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அதானே இப்பப் பிரச்சினை."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தில் ஏழாவது பிள்ளை பிறந்தால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், நாட்டின் ஜனாதிபதியே அந்தப் பிள்ளைக்குக் கௌரவ ஞானத்தந்தையாக, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவராக, இருக்கச் சம்மதிப்பார். நேரில் வர மாட்டார். கையெழுத்திட்ட சான்றிதழும் ஓர் அன்பளிப்பும் வரும். ஊர்த் தலைவர் அதை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அந்த ஊரில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு பாக்கியம் கிடைத்ததில்லை. ஊரே கிளம்பிவிட்டது. தீயணைப்புப் படையினர் சீருடையில் அணிவகுக்கத் தயார். வாத்தியக் குழு பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவர் புகைப்படத்துக்காகப் புதுத் தொப்பியே வாங்கிவிட்டார்.

"இப்ப இருக்கறவரு நம்மாளு. கத்தோலிக்கரு. ஆனா அவரு கோடையில போயிடறாராம். எனக்கும் கோடையிலதான் நாள் குறிச்சிருக்கு. வரப்போற ரெண்டு பேருமே புராட்டஸ்டண்ட். ஞானஸ்நானத்துக்கு எப்படிப் பொருந்தும்? என் மாமியார் ராத்திரியெல்லாம் ஜெபமாலை உருட்டுது."

"பங்குச் சாமியார் என்ன சொல்றார்?"

"அது வெறும் கௌரவம்தான், கோயில்ல நிக்கறதுக்கு வேற ஆள் வச்சுக்கலாம்னு சொல்றாரு. ஆனா அவரு மூஞ்சியப் பாத்தா அவருக்கே நம்பிக்கை இல்ல." பிறகு என் பக்கம் சாய்ந்தாள். "நீங்க மியூனிக்ல பெரிய எடத்துல இருக்கீங்க. பழைய ஜனாதிபதி எந்தத் தேதில கெளம்பறாருன்னு சரியா விசாரிச்சுச் சொல்ல முடியுமா? முடிஞ்சா கொழந்தைய கொஞ்சம் அவசரப்படுத்திப் பாக்கறேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஊர் ஏன் ஒரே சீட்டைத் தூக்கி முதலில் வைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. மதப் பற்றும் இல்லை, அரசியலும் இல்லை. ஒட்டுமொத்தத் தேசத்தில், அந்தத் தேர்தலால் நேரடியாகப் பாதிக்கப்படப்போவது அந்த ஊர் ஒன்றுதான். அவர்கள் தங்கள் வீட்டு விசேஷத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருந்தார்கள். எங்கள் இயந்திரம் அதை நான்காகப் பெருக்கி, லட்சக்கணக்கான கத்தோலிக்கர்களின் மனக்குமுறல் என்று பெயர் வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தர்மலிங்கம் அண்ணையின் அறைக்குப் போனேன். அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"பிள்ளை இன்னும் பிறக்கேல்லை. அதுக்குள்ளை நாங்கள் நாலு தரம் பெத்துப்போட்டம்!"

"சிரிக்காதீங்க அண்ணை. 'உண்மை'ன்னு டிக் அடிச்சா அந்த அம்மா வேலை தப்பிக்கும், ஆனா அந்தக் கூத்து அட்டைப்படத்துல வரும். விஷயத்தைச் சொன்னா, காரணத்தைக் கேட்காம விட்டது அந்த அம்மாதான்னு வேலையைப் பிடுங்கிடுவார்."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"தெரியல."

"வேலை போனா உமக்கும் இஞ்சை இருக்க ஏலாது. அதையும் யோசியும்" என்று சொல்லி எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. யோசித்த பிறகு தட்டை ஓரமாக வைத்துவிட்டேன். ஆனால் அவர் சிரித்த சிரிப்பு மட்டும் காதிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை டிராமில் போகும்போதுதான் அந்தச் சிரிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பிடிபட்டது.

ஹெர் டாக்டர் மேசையில் பத்திரிகையின் அட்டைப்பட மாதிரி கிடந்தது. கோபுரம் நன்றாகத்தான் இருந்தது.

"உண்மையா, பொய்யா?"

"உண்மை, ஹெர் டாக்டர். ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார். பதில்களும் அவர்கள் சொன்னதுதான்."

அவர் முகம் மலர்ந்தது. தொலைபேசியை எடுக்கப் போனார். நான் ஏழாவது பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். கை பாதியில் நின்றது.

"காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் மதத்தை முதலில் வைத்தார்கள். அது தரவு."

நேர்மை, விஞ்ஞானம் என்று நான் அப்போது பேசியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார். அவர் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். நான் வேறு வழியில் போனேன்.

"கோடையில் குழந்தை பிறக்கும், ஹெர் டாக்டர். தீயணைப்புப் படை அணிவகுக்கும். ஊர்த் தலைவர் புதுத் தொப்பியோடு படம் எடுத்துக்கொள்வார். மாவட்டப் பத்திரிகையில் வரும். புராட்டஸ்டண்ட் ஜனாதிபதி ஞானத்தந்தையானதை ஊரே கொண்டாடியது என்று போடுவார்கள். நம்முடைய கோபுர அட்டைப்படம் இதே ஊரை வைத்துத்தான் என்று நமக்குப் போட்டியாக இருப்பவர்கள் யாராவது கண்டுபிடித்தால்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு கதவைத் திறந்து, கார்டு அறையைப் பார்த்துக் கத்தினார்.

"திரு தர்மலிங்கம்! அந்தக் குழந்தையை நாம் எத்தனை தடவை பிரதி எடுத்தோம்?"

பிரதி அட்டைகள் நீக்கப்பட்டன. பனி காரணமாகக் கிராமங்களின் பதில்கள் போதவில்லை என்று ஒரு குறிப்புச் சேர்ந்தது. மக்கள் அனுபவம் உள்ள ஜனாதிபதியை விரும்புகிறார்கள் என்று முடிவு வந்தது. பத்திரிகை அதை உள்பக்கத்தில், ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே போட்டது. அட்டைப்படத்துக்கு ஒரு நடிகையைப் போட்டுக்கொண்டார்கள். அதை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் காலை அதோடு முடியவில்லை. அவமானம் தப்பியதும் ஹெர் டாக்டருக்குக் கோபம் வந்தது. யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டுமே.

"இதற்கெல்லாம் காரணம் அந்த லிண்ட்னர். இவ்வளவு பெரிய காரணத்தை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அவர் இனி வேண்டாம்."

இதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். கோட்டுப் பையிலிருந்து கையேட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். அச்சிட்ட கேள்வியைத் தவிர எதையும் கேட்கக் கூடாது. கேட்காததை எழுதக் கூடாது. கீழே எழுதியவர் பெயர் இருந்தது. ஹெர் டாக்டரின் பெயர்தான்.

நம்மூராக இருந்தால், விதி கிடக்கட்டும், புத்தி எங்கே போனது என்று கேட்டிருப்பார்கள். ஜெர்மனியில் விதிப்படி நடந்த ஒருவரை விதிப்படி நடந்ததற்காக வெளியே அனுப்ப ஒரு மேலதிகாரியாலும் முடியாது. அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் படித்தார், வேறு யாரோ எழுதியதுபோல. பிறகு, "அவர் இருக்கட்டும்" என்றார். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. மத்தியானம் திருமதி லிண்ட்னரிடம் நானே போய்ச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறைப்பானேன். காப்பி, பலகாரம், பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. "நான் பேட்டியெடுத்த வீட்டில் நீங்கள் காப்பி குடித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஹெர் டாக்டர் மேசையில் என்மேல் எழுத்துமூலமான புகார் இருந்தது. சோதனைக்கு வந்தவர் பதிலளித்தவரின் வீட்டில் உண்டார், குடித்தார், அச்சிடாத கேள்வியைக் கேட்டார், இது கையேட்டுக்கு விரோதம். அதே சுத்தமான கையெழுத்து. கடைசியில் இரண்டு வரி. 'அந்தக் காரணம் நிறுவனத்துக்குத் தேவை என்றால் அதற்கான கேள்வியை அச்சிடுங்கள். நான் கேட்பேன்.'

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஒரு வாரம் அந்த அம்மாள் நடந்து வரும் பக்கமே நான் போகவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவனைப் போட்டுக் கொடுக்கிற பிறவியும் உண்டா என்று தர்மலிங்கம் அண்ணையிடம் புலம்பினேன். "அந்த மனிசி சொல்லுறது சரிதானே தம்பி" என்றார் அவர். அதுதான் இன்னும் எரிச்சல். சரிதான். நான் பசியோடு போனதாலும் திருச்சிக்காரனாக இருந்ததாலும் கண்டுபிடித்த விஷயம் அது. அடுத்த சோதனைக்குப் போகிறவன் வயிறு நிறைந்தவனாக இருந்தால்? ஒரு நிறுவனம் அதை நம்பி நடக்க முடியாது. அடுத்த கேள்வித்தாளில், சீட்டுகளுக்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு சொல்லும், எழுத இடமும் அச்சாகி வந்தது. நீங்கள் இன்று கையில் தூக்கிக்கொண்டு போகும் டேப்லெட்டிலும் அந்த இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் தாண்டிப் போக ஒரு பொத்தானும் வைத்திருக்கிறீர்கள். பாதிப் பேர் அதைத்தான் அழுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

குழந்தை பழைய ஜனாதிபதி கிளம்பிய பிறகுதான் பிறந்தது. பெண். அவசரப்படுத்தியும் அது கேட்கவில்லைபோல. எழுபதுகளில் அடுத்த ஜனாதிபதி தேர்தல் வந்தது. திருமதி லிண்ட்னர் மறுபடி அந்த ஊருக்குப் போனார். வீடு வீடாகக் கதவருகே நின்று, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் 'ஏன்?' என்று படித்தார். பதில்களை நான் பார்த்தேன். ஹூபர் வீட்டுச் சுவரில் சிலுவைக்குப் பக்கத்தில் புராட்டஸ்டண்ட் ஜனாதிபதியின் கையெழுத்து தொங்கியது. மதச் சீட்டு எல்லா வீட்டிலும் கடைசிக்குப் போயிருந்தது. அவரே இன்னொரு முறை இருந்திருக்கலாம் என்று பல வீடுகளில் சொல்லியிருந்தார்கள். ஏன்? 'எங்கள் ஊருக்குக் கடிதம் போட்டார்.'

அதற்குப் பிறகு நான் சென்னைக்குத் திரும்ப முடிவு செய்தேன். கடைசி வாரத்தில் கேள்வித்தாள்களைக் கொடுக்க வந்த திருமதி லிண்ட்னரிடம் போகிறேன் என்று சொன்னேன். இத்தனை வருடத்தில் அலுவலக விஷயம் தவிர எங்களுக்குள் பேச்சு கிடையாது. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏன்?"

அச்சில் இல்லாத கேள்வி. அவர் வாயிலிருந்து. நான் குடும்பம், அம்மாவின் உடல்நிலை என்று எல்லாரிடமும் சொல்லும் பதிலைச் சொன்னேன். அவர் நகரவில்லை. 'ஏன்' என்று கேட்டபின் பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று புதுக் கையேட்டில் இருந்தது. காத்திருந்தார். கடைசியில் சொன்னேன்.

"இந்த நாட்டில் இத்தனை வருடமாக இருக்கிறேன். ஒரு கேள்வித்தாள் கையில் இல்லாமல் யாரும் என்னைக் காப்பிக்கு உள்ளே கூப்பிட்டதில்லை."

அவர் கையுறையை மாட்டி முடித்தார். பையை எடுத்துக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பினார்.

"ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. கேள்வித்தாள் கொண்டு வராதீர்கள்."

போனேன். சின்ன வீடு. மேசை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஆப்பிள் கேக் கொஞ்சம் கருகியிருந்தது. விருந்தாளிகளுக்குச் செய்து பழக்கம் இல்லை என்று தெரிந்தது. முன்பின் தெரியாத திருமதி ஹூபரிடம் நிமிடத்தில் கேட்ட கேள்வியை, இத்தனை வருடத்தில் இவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஒருவன்" என்றார். "லைப்சிக்கில்."

லைப்சிக் எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. நடுவே சுவர் எழுப்பி எல்லையை மூடிய பிறகு அங்கே இருந்தவர்கள் அங்கே, இங்கே இருந்தவர்கள் இங்கே. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் பேசாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அவன் சீட்டுகளை அடுக்கி வீடு கட்டுவான் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொல்லி முடித்தபோது காப்பி ஆறி வெளியே இருட்டிவிட்டிருந்தது.

நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.